நான் மறைக்காமல் விட்ட நான்கெல்லை

"பேரை எடுத்துட்டா ஆளு தெரியாமப் போயிடுமா தங்கச்சி?"

இந்திராணி அக்கா இதைக் கேட்டபோது நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. திருவாரூரில் விவசாயிகள் சங்க அலுவலகத்தின் மாடியில், சர்வர் வைத்திருந்த சின்ன அறை அது. மின்விசிறி கிடையாது. அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்று, கையிலிருந்த படிவக் கட்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"தெரியாதுக்கா. அதுக்குத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன்."

"ஸ்கிரிப்டுன்னா?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

அக்கா சிரித்தார். "புரியாதுதான். எட்டாங்கிளாஸ் ஃபெயிலு நானு. நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வேலைக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. நினைத்தால் இன்றும் காது சூடாவது அந்த ஒரு பதிலுக்குத்தான். கணினித் துறையில் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், முக்கியமாக என்னைப் போல வீட்டிலேயே முதல் ஆளாகப் படித்துவிட்டு வருகிற பெண்கள், இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நான் கெட்டிக்காரி என்று காட்டுவதற்கான குறிப்பு அல்ல இது.

1. என்ன வேலை

தஞ்சாவூரில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் முதலாளி சேகர் சார். மருந்துக் கடை, அரிசி ஆலை, திருமண மண்டபம் என்று உள்ளூர் வேலைகள்தான் எங்களுக்கு வரும். சங்கத்தின் வேலை அப்படி வந்ததல்ல. சேகர் சாரின் கல்லூரி நண்பர் ஒருவர் கேட்டு, சார் மறுக்க முடியாமல் எடுத்துக்கொண்டார். அதை என்னிடம் கொடுத்தார்.

வேலை இதுதான். டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். பத்து வருடம், இருபது வருடம் ஒரே வயலில் நடுவார்கள், அறுப்பார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. உழுகிறவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது, அதற்குச் சட்டம் இருக்கிறது. அதனாலேயே பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். "ரெண்டு கட்சி ஆட்சியும் மாறி மாறி வந்து போயிடுச்சு, எங்க ஆளுங்க பேருதான் இன்னும் பதிவேட்டுக்கு வந்து சேரல" என்று இந்திராணி அக்கா கூட்டங்களில் சொல்வார். கைதட்டல் விழும்.

அக்கா சங்கத்தின் முழுநேர ஊழியர். ஊர் ஊராகப் போய், உழுகிறவர்களிடம் வாக்குமூலம் வாங்கிப் படிவத்தில் எழுதிக் கொண்டுவருவார். சங்கத்தின் திட்டம், எல்லா மனுக்களையும் ஒரே நாளில் தாசில்தார் அலுவலகங்களில் கொடுப்பது. முந்நூறு பேர் ஒரே நாளில் கொடுத்தால் யாரையும் தனியாகப் பிடித்து மிரட்ட முடியாது. ஒருவர் பெயர் முன்கூட்டியே வெளியே தெரிந்தால், மனு போவதற்குள் அவரை வயலைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள். அதனால் அந்த நாள் வரைக்கும் ரகசியம்.

ரகசியத்தைக் காக்கும் வேலை கணினிப் பக்கத்தில் என்னுடையது.

2. நிஜமான டேட்டா ஏன் தேவைப்பட்டது

படிவங்களைக் கணினியில் ஏற்றும் முதல் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பதிப்பில், ஏற்றிய விவரத்திலிருந்து மனுவே தயாராகி அச்சாக வேண்டும். அரசுக்கு ஹெக்டேர் கணக்கில் பரப்பளவு வேண்டும். எங்கள் ஆட்கள் பழைய நில அளவுகளில் எழுதுவது "மூணு மா", "அரை வேலி", "மூணு மாவுல வடக்கோரம் மட்டும்" என்று.

நான் கற்பனையாக ஐம்பது பேரை உருவாக்கிச் சோதித்தேன். எல்லாம் அழகாக ஓடியது. நிஜ ஆட்களின் படிவத்தில் ஓட்டியதும் ஒருவருக்கு மூன்று ஹெக்டேரும் இன்னொருவருக்குப் பூஜ்யமும் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே வைத்துத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. கை தவறினால் முந்நூறு பேரின் வாக்குமூலமும் போய்விடும். ஆகவே சர்வரில் இருந்த நிஜ டேட்டாவின் நகல் ஒன்றைத் தஞ்சாவூர் அலுவலகத்தில் ஒரு டெஸ்ட் கணினியில் வைத்து வேலை செய்வது என்று முடிவானது.

3. நான் சரியாகச் செய்தவை

இந்தப் பகுதியைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். இதில் ஒன்றும் தப்பில்லை, இன்றும் இப்படித்தான் செய்கிறேன்.

டெஸ்ட் கணினியைப் பின்னறையில் வைத்தேன். அதன் வைஃபை கார்டைக் கழற்றி எடுத்து மேசை இழுப்பறையில் பூட்டினேன். லேன் கேபிள் செருகும் துளைக்கு டேப் ஒட்டி, அதன்மேல் என் கையெழுத்தைப் போட்டேன். அந்தக் கணினிக்கு வெளியுலகம் என்று ஒன்று கிடையாது.

திருவாரூர் சர்வரில் முதலில் ஒரு தற்காலிக நகல் எடுத்தேன். மறைக்கும் வேலையை அந்த நகலில், அங்கேயே வைத்து முடித்தேன். மறைக்காத டேட்டா அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது முதல் விதி. பலர் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, தங்கள் இடத்தில் வைத்துச் சாவகாசமாக மறைப்பார்கள். நடுவழியில் பென்டிரைவ் தொலைந்தால் என்ன செய்வது?

உழுகிறவர் பெயர் இருந்த இடத்தில் "நபர் 1", "நபர் 2". தந்தை பெயர், தொலைபேசி, ஆதார், ரேஷன் அட்டை எண், தெரு, ஊர், எல்லாம் மாற்றப்பட்டன. நில உடைமையாளர் பெயரையும் அதேபோல் மாற்றினேன். சர்வே எண்களைக் கலைத்துப் போட்டேன். வயலில் எடுத்த புகைப்படங்களை நகலில் சேர்க்கவே இல்லை. பிறகு அந்த நகலை ஒரே கோப்பாக டம்ப் எடுத்து, என்கிரிப்ட் செய்து, பென்டிரைவில் ஏற்றினேன். பாஸ்வேர்டை எங்கேயும் எழுதவில்லை. தஞ்சாவூரில் இறக்கியதும் நகல் பிழையில்லாமல் வந்ததா என்று செக்சம் சரிபார்த்தேன், வரிசைகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், பென்டிரைவை அழித்தேன். ஒவ்வொன்றையும் நேரத்தோடு லாக் புத்தகத்தில் எழுதினேன்.

சேகர் சார் அந்த லாக் புத்தகத்தை மற்ற ஐந்து பேருக்கும் காட்டி, "பாருங்கப்பா, இப்படி இருக்கணும் வேலை" என்றார். அன்று பேருந்தில் ஊருக்குப் போகும்போது நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

4. சார் கேட்டது, நான் சொன்னது

பாராட்டிய அதே நாளில், சார் திரையில் சில வரிசைகளைப் பார்த்தார். அவர் வளர்ந்தது திருச்சியில். வயல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இதென்னம்மா, கடைசியில நீளமா எழுதியிருக்கு?"

"நான்கெல்லை சார். நிலத்தோட நாலு பக்கமும் என்ன இருக்குன்னு எழுதுற கலம். மனுவுல கட்டாயம் வரணும். ஆளாளுக்கு நீளமா எழுதியிருக்காங்க, அச்சுல அடங்குதான்னு பாக்கணும். அதான் விட்டிருக்கேன்."

"இதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே? நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே. ஒரு தடவை ஊர்க்காரி மாதிரி படிச்சுப் பாத்துடேன்."

"எனக்கு வயலு பத்தியெல்லாம் தெரியாது சார்" என்றேன்.

அது பொய். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

என் அப்பா முருகையன் விவசாயக் கூலி. அம்மாவும் அப்படியே. பள்ளி விடுமுறைகளில் நானும் நடவுக்குப் போயிருக்கிறேன், களை பறித்திருக்கிறேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் நான்கெல்லை சொன்னால் போதும், அது எந்த வயல், அதில் யார் உழுகிறார்கள், எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஆனால் அலுவலகத்தில் நான் வேறு ஆள். அறுவடை நாட்களில் அம்மாவுக்கு ஆள் கிடைக்காமல் நான் நிற்க வேண்டி வந்தபோதெல்லாம், லீவு விண்ணப்பத்தில் "காய்ச்சல்" என்று எழுதினேன். பக்கத்து மேசை சுகன்யா, "என்னப்பா, உனக்கு மட்டும் தை மாசமானா காய்ச்சல் வந்துடுது?" என்று ஒருமுறை கேட்டாள். சிரித்து மழுப்பினேன். சர்வரில் கைவைக்கிறவள் என்று என்னைப் பார்க்க வேண்டும், சேற்றில் கால்வைத்தவள் என்று பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம். அதற்காகத்தான் சார் கேட்டபோது அந்தக் கலத்தைப் படிக்கவில்லை.

5. பயிற்சி நாள்

இரண்டாம் பதிப்பு தயாரானதும், ஊர்க் கிளைகளிலிருந்து எட்டுப் பேர் பயிற்சிக்காகத் தஞ்சாவூர் வந்தார்கள். பின்னறையில் டெஸ்ட் கணினியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இந்திராணி அக்கா அன்று வரவில்லை. நான் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"இது டெஸ்ட் டேட்டா. இதுல யாரு பேரும் இருக்காது. நீங்க தைரியமா தட்டிப் பழகலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு வரிசையைத் திறந்தேன். உழுகிறவர்: நபர் 117. ஊர்: மறைக்கப்பட்டது. கீழே நான்கெல்லை.

குடவாசல் பக்கத்திலிருந்து வந்திருந்த சண்முகம் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"கிழக்கே புங்கமரத்து மடை. மேற்கே ராசாங்கம் நடவு. வடக்கே பெரிய வாய்க்கால். தெற்கே அய்யனார் திடல்." அப்புறம் தொடையில் தட்டினார். "அட! இது எங்க ஊரு புங்கடி வயலுல்ல! அப்ப இது அஞ்சம்மாக்கா!"

அறையே சிரித்தது. அந்த வரிசையில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சர்வே எண் இல்லை. படித்து முடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

"எங்க ஊருது வருதா பாரு தங்கச்சி, தள்ளு தள்ளு" என்று இன்னொருவர் கீபோர்டுக்கு வந்தார். விடுகதை போடுவதுபோல் ஆகிவிட்டது. ஐந்தாறு வரிசைகளுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள்.

"ஏம்மா, ஆளு தெரியாதுன்ன?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டார்.

"நம்ம ஆளுங்களுக்குள்ளதானே" என்றேன் நான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, டெஸ்ட் கணினியில் நான்கெல்லைக் கலம் முழுவதையும் அழித்தேன். லாக் புத்தகத்தை எடுத்தேன். பேனாவையும் திறந்தேன். எழுதவில்லை. மூடி வைத்தேன். சாரிடம் சொல்லவில்லை. இந்திராணி அக்காவுக்குத் தொலைபேசி செய்யவில்லை. அழித்துவிட்டால் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணினியில் அழித்தேன். எட்டுப் பேரும் பேருந்து ஏறிப் போயிருந்தார்கள்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கலத்தை மறைக்க மறந்தது ஒரு தவறு. அதை யாருக்கும் சொல்லாமல் இருந்தது வேறு. முதலாவதற்கு மன்னிப்புக் கேட்கலாம். இரண்டாவதை என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

6. ரேஷன் கடை வரிசை

பிறகு நடந்தது எனக்கு இந்திராணி அக்கா வழியாகத் தெரியவந்தது.

சண்முகம் அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. ஊருக்குப் போன இரண்டாம் நாள், ரேஷன் கடை வரிசையில் அஞ்சம்மாளைப் பார்த்திருக்கிறார். சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"அஞ்சம்மாக்கா, உன் புங்கடி தஞ்சாவூரு கம்ப்யூட்டருல ஏறியாச்சு. நான் கண்ணால பாத்துட்டு வந்தேன்!"

அஞ்சம்மாள், "மெதுவாச் சொல்லேன்டா" என்று அதட்டியிருக்கிறார். அதே வரிசையில் நான்கு பேர் தள்ளி, காரியக்காரர் வீட்டு அம்மா நின்றிருந்தார். புங்கடி வயலின் சொந்தக்காரர் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய நிலங்களை எல்லாம் ஊரில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்தான் காரியக்காரர்.

ஐந்தாம் நாள் காலையில் டிராக்டர் இறங்கியது. அஞ்சம்மாள் புங்கடியின் ஒரு மூலையில் நாற்றங்கால் விட்டிருந்தார். புரட்டாசி பிறந்து நடவுக்குத் தயாராக இருந்த நாற்று. டிராக்டர் முதலில் அதன்மேல்தான் போனது. தடுக்கப் போன அஞ்சம்மாளிடம் காரியக்காரர், "இது சொந்தப் பண்ணைச் சாகுபடி. நீ கூலிக்கு நட்டவ. பதிவு போடப் போறியாமே, போட்டுக்க" என்றாராம்.

அக்கா இதைத் தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு, "யாரு சொல்லியிருப்பா தங்கச்சி? எங்கிட்டேர்ந்து போவல. உன் பெட்டியிலேர்ந்தும் போவாதுன்னியே" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் சொன்னேன். நான்கெல்லையை, பயிற்சியை, அழித்ததை, எழுதாமல் விட்டதை.

"அன்னிக்கே ஒரு போனு போட்டிருந்தா, அந்த ஒரு மனுவையாவது மறுநாளே கையில எழுதிக் குடுத்திருப்பேனேடி" என்றார் அக்கா.

அதுவரை என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

7. புங்கடி

மறுநாள் அக்காவோடு அந்த ஊருக்குப் போனேன். வர வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பேருந்தில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தோம்.

புங்கடியில் டிராக்டர் தடம் புதிதாக இருந்தது. அஞ்சம்மாள் கரையில் குந்தியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிழைத்த நாற்றுகளைப் பிடுங்கி, சிறு கட்டுகளாக முடிபோட்டு, வாய்க்கால் தண்ணீரில் வேர் நனையும்படி வரிசையாக வைத்திருந்தார். மேற்கு வயல் ராசாங்கம், ஒரு ஓரத்தில் ஊன்றிக்கொள்ள இடம் கொடுப்பதாகச் சொன்னாராம். ஆனால் அவரும் அதே சொந்தக்காரரிடம் வாய்மொழிக் குத்தகைதான். அவர் வீட்டில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என்னைக் காட்டி, "கம்ப்யூட்டர் பொண்ணு. உன்னைப் பாக்கணும்னுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

நான் பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அஞ்சம்மாள் பாதியில் நிறுத்தினார்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

ஊரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன்.

என் கால்களைப் பார்த்தார். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டிருந்தேன், என்னை அறியாமல்.

"அப்ப நடவு நட்டிருப்பியே நீ."

"நட்டிருக்கேங்க."

"நாலெல்லை சொன்னா வயலு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் விட்டியா?"

"இல்லைங்க. படிச்சுப் பாக்கல."

"எழுதுனதப் படிக்கத்தானே உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அஞ்சம்மாள் எழுந்து, சரிந்துகிடந்த ஒரு நாற்று முடியை நிமிர்த்தி வைத்தார். "பதினெட்டு வருசமா நட்டேன் இதுல. கூலிக்கு நட்டவளாம்" என்று வயலைப் பார்த்துச் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

8. எஞ்சியிருந்த ஒன்று

திரும்பி வந்ததும் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாக் புத்தகத்தில், விடுபட்ட நாளுக்கு உரிய இடத்தில், தாமதமாக எழுதப்படுகிறது என்று குறிப்பிட்டு எழுதினேன். டெஸ்ட் கணினியை முழுவதுமாக அழித்தேன். இப்போது அங்கே நிஜமான வரிசை ஒன்றுகூட இல்லை. வேலி, மா, குழி என்று எழுதும் விதங்களை மட்டும் படிவங்களிலிருந்து எடுத்து, இல்லாத ஊர்களில் இல்லாத வயல்களை உருவாக்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரு வாரம் உழைப்பு. முதலிலேயே செய்திருக்கலாம். இனி வேறு எதற்காகவாவது சர்வரிலிருந்து டேட்டா வெளியே போகும் முன், ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு, இந்திராணி அக்கா உட்கார்ந்து வரிசை வரிசையாகப் படிக்கிறார். ஆள் அடையாளம் சொல்லிவிட்டால் அந்தக் கலம் போகாது. அக்கா எட்டாங்கிளாஸ் ஃபெயில்தான். நான் பிடிக்காத நான்கு இடங்களை முதல் நாளே பிடித்தார்.

இது அஞ்சம்மாளுக்கு எதையும் திருப்பித் தராது. அவருடைய மனுவைச் சங்கம் அவசரமாகத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்தது. காரியக்காரர் தரப்பில் ஆட்சேபம் வந்தது. இந்தப் பெண் கூலியாள், சங்கத்தார் தூண்டிவிட்டு இப்போதுதான் குத்தகை என்று ஜோடிக்கிறார்கள் என்று.

இப்போதுதான் என்பது பொய். திருவாரூர் சர்வரில் அஞ்சம்மாளின் வாக்குமூலம் டிராக்டர் இறங்குவதற்கு நான்கு மாதம் முன்பே ஏறியிருக்கிறது. சம்பா அறுத்த தாள் கிடக்கும் புங்கடியின் வரப்பில் அவர் நிற்கும் புகைப்படம் அதோடு இருக்கிறது. ஏறிய நேரம் பதிவாகியிருக்கிறது. பின்னால் யாரும் அதில் கைவைக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதைச் சர்வர் எழுந்து நின்று சொல்லாது. அதைப் பராமரிக்கிற ஆள் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பது எனக்கும் சாருக்கும் தெரியும். அவ்வளவு பத்திரமான பெட்டி என்றால், விஷயம் வெளியே வந்தது எப்படி?

"அங்க போய் நின்னா அதையும் சொல்லியாகணும்மா" என்றார் சார். "பேப்பர்ல வந்தா நமக்கு அடுத்த வேலை எவன் குடுப்பான்? உன்னையும் சேத்துத்தான் சொல்றேன். நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனா இதத்தான் கேப்பான்."

"சொல்லத்தான் சார் போறேன்."

அவர் பேப்பர் வெயிட்டைத் தள்ளி வைத்தார். "கம்பெனி லெட்டர்பேடு வேணாம். உன் பேருல எழுதிக்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என்னைத் தவிர இன்னும் ஐந்து பேர் அவரை நம்பி இருக்கிறார்கள்.

என் பெயரில் எழுதினேன். தமிழ்ச்செல்வி, தந்தை பெயர் முருகையன், விவசாயக் கூலி, என்று தொடங்கி, தெரு, ஊர் எல்லாம் போட்டேன். என்ன மறைத்தேன், எதை மறைக்கவில்லை, எப்போது தெரிந்தது, எத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்று வரிசையாக எழுதினேன். கடைசியில், இந்தத் தவறு என்னுடையது, மனுதாரருக்கு இதில் பங்கில்லை, அவருடைய வாக்குமூலம் பதிவான தேதி உண்மை என்று முடித்தேன்.

நேற்று தாலுகா அலுவலகத்தில் அதைக் கொடுத்தேன். தபால் பிரிவில் இருந்தவர் முழுவதையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, உன் தப்புன்னு நீயே எழுதியிருக்க. வக்கீலு யாரும் பாத்தாங்களா? வேணும்னா அந்த வரிய அடிச்சுட்டுச் சுருக்கொப்பம் போட்டுக் குடு, வாங்கிக்கிறேன்."

"வேண்டாங்க. அப்படியே வாங்கிக்குங்க."

முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார். வெளியே வந்து அதை இந்திராணி அக்காவிடம் காட்டினேன். அக்கா நிதானமாக முதல் பக்கத்தை மட்டும் படித்தார். "உங்க ஊரு அய்யனார் கோயிலுக்கு மேக்கால தெருவா? அங்க எனக்கு ஆளு இருக்கு" என்றார். பேருந்தில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தார்.

விசாரணை வருகிற புதன்கிழமை. இன்று காலை சாரின் மேசையில் லீவு விண்ணப்பம் வைத்தேன். காரணம் என்ற இடத்தில் "நிலத் தாவாவில் சாட்சி" என்று எழுதியிருக்கிறேன்.